சொட்டிய நீரும் சோதித்தறியும் விசுவாசமும்



பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு, ஒன்பது மணி இருக்கும். பங்கு இல்லத்தின் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். குரலில் நடுக்கம். "சாமி, எங்க வீட்டுச் சகாயமாதா படத்துல இருந்து எண்ணெய் வடியுது. காலையில இருந்து நிக்கவே இல்ல. நீங்க வந்து பாருங்க சாமி" என்றார்.

"சரிம்மா, வர்றேன்" என்று சொன்னேன். ஆனால் வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. பள்ளிக்கூட வேலை, கல்லறைத் தோட்டத்துப் பிரச்சனை என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. பொய்யாக இருந்தால் அந்தக் குடும்பத்தின் மனம் புண்படும்; மெய்யாக இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் பயந்தேன். சனிக்கிழமை காலையில்தான் போனேன். அந்த இரண்டு நாள் தாமதம் இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நம் நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு நிகழ்வை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

மும்பையில் நடந்தது என்ன?

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம். மும்பை வில்லே பார்லே பகுதியில், இர்லா என்னும் இடத்தில் நம் வேளாங்கண்ணி மாதாவின் பெயரால் ஓர் ஆலயம் இருக்கிறது. அந்த ஆலய வளாகத்தில் உள்ள பாடுபட்ட சுரூபத்தின் பாதங்களிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. செய்தி பரவியது. மக்கள் திரண்டார்கள். சொட்டிய நீரைப் பாத்திரங்களில் பிடித்தார்கள், பருகினார்கள், நோயாளிகளுக்கு எடுத்துச் சென்றார்கள்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனம், இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர் சனல் எடமருகுவை அங்கே அழைத்துச் சென்றது. அவர் சிலையை மட்டும் பார்க்கவில்லை. அதன் பின்புறச் சுவரையும் தரையையும் பார்த்தார். அருகிலிருந்த கழிவறையின் கழிவுநீர்க் குழாய் அடைத்திருந்தது. தேங்கிய நீர் சுவரில் ஊறி, மரச்சிலுவையின் வழியாக மேலேறி, சுரூபத்தின் பாதத்தில் ஆணி அடித்த துளை வழியாக வெளியே சொட்டியது என்று அவர் விளக்கினார். நுண்புழையேற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதும், சுவரின் அடியில் தேங்கும் மழைநீர் சுவரில் இடுப்பளவு ஏறுவதும் இதனால்தான்.

அன்பர்களே, ஒரு கணம் நின்று யோசியுங்கள். நம் மக்கள் தீர்த்தம் என்று பருகியது எந்த நீரை?

அதற்குப் பின் நடந்தது இன்னும் வேதனையானது. தொலைக்காட்சி விவாதத்தில் எடமருகு திருச்சபையைப் பற்றியும் குருக்களைப் பற்றியும் கூறிய கருத்துகள் பலரைப் புண்படுத்தின. மும்பையின் கத்தோலிக்கர் சிலர் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தார்கள். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-அ பிரிவு அதற்குப் பயன்படுத்தப்பட்டது. 1927-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. எடமருகு அதே ஆண்டில் பின்லாந்து நாட்டுக்குச் சென்றுவிட்டார்.

மும்பை மறைமாவட்டம் அந்த நீரைப் புதுமை என்று அறிவிக்கவே இல்லை என்பதை நாம் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எடமருகுவின் சொற்களில் கடுமை இருந்தது என்பதும் உண்மை. ஆனால் குழாய் அடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒரு விசுவாசியின் முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும்? "அவர் நம்மை அவமதித்தாரா?" என்பதா? "அவர் சொல்வது உண்மையா?" என்பதா? இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டிருந்தால் காவல் நிலையத்துக்கு முன்பாக, குழாய் வேலை செய்பவரைத் தேடிப் போயிருப்போம். எந்த ஊரிலும் ஒரு பங்குத்தந்தை அந்த இடத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். உண்மையைக் கண்டு அஞ்சுகிற விசுவாசம் விசுவாசமே அல்ல.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கின்றன என்று தில்லி தொடங்கி நாடெங்கும், வெளிநாடுகளிலும்கூடச் செய்தி பரவியது. கோவில்கள் முன் நீண்ட வரிசைகள் நின்றன. அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கரண்டியிலிருந்த பால், பரப்பு இழுவிசையால் சிலையின் ஈரத்தோடு சேர்ந்து, சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது தெரிந்தது. அன்று நம்மில் எத்தனை பேர் நமக்குள் சிரித்துக்கொண்டோம்! பதினேழு ஆண்டுகளுக்குள் நம் முறை வந்தது. பக்கத்து வீட்டாரின் நம்பிக்கையைச் சோதிக்க அறிவியல் வேண்டும், நம் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்வது நேர்மையாகாது.

சாம்பல் தூவிய தானியேல்

அற்புதச் செய்திகளைச் சோதித்துப் பார்ப்பது நாத்திகர்களின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை.

தானியேல் நூலின் 14-ஆம் பிரிவை (இணைத்திருமுறைப் பகுதி) எடுத்து வாசித்துப் பாருங்கள். பாபிலோனில் பேல் என்னும் தெய்வத்திற்கு நாள்தோறும் மாவும் நாற்பது ஆடுகளும் திராட்சை இரசமும் படைக்கப்பட்டன. காலையில் பார்த்தால் எல்லாம் காலியாகியிருக்கும். தெய்வம் உண்கிறது என்று அரசன் நம்பினான். தானியேல் வாதாடவில்லை, கோபப்படவில்லை. கோவில் தரையெங்கும் அரசன் முன்னிலையிலேயே சாம்பலைத் தூவச் செய்தார். கதவு பூட்டி முத்திரையிடப்பட்டது. மறுநாள் காலையில் மேசை காலி. முத்திரை அப்படியே இருந்தது. அரசன் மகிழ்ந்து தெய்வத்தைப் போற்றினான். தானியேலோ தரையைப் பார்க்கச் சொன்னார். சாம்பலில் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் காலடித் தடங்கள்! மேசைக்கு அடியிலிருந்த இரகசிய வழியாக எழுபது அர்ச்சகர்களும் தங்கள் குடும்பத்தோடு வந்து உண்டு சென்றது வெளிப்பட்டது.

இன்றைய ஆய்வாளர் ஒருவர் செய்யக்கூடியதை அன்றே ஓர் இறைவாக்கினர் செய்திருக்கிறார்! கடவுளை நம்பாததால் அவர் சாம்பல் தூவவில்லை; உண்மையான கடவுளை நம்பியதால்தான் தூவினார்.

புதிய ஏற்பாட்டில் புனித பவுலடியார் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார் (1 தெச 5:21). தூய ஆவியை அணைத்துவிட வேண்டாம் என்று கூறிய அதே மூச்சில்தான் இதையும் சொல்கிறார். எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் அவற்றைச் சோதிக்கும்படி யோவானும் எழுதுகிறார் (1 யோவா 4:1). நம் நாட்டின் திருத்தூதர் தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சின்னமலையிலும் பரங்கிமலையிலும் அவர் நினைவைப் போற்றுகிறோம். காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் அவர். ஆண்டவர் அவரை விரட்டிவிடவில்லை. தம் காயங்களைக் காட்டினார். ஆண்டவருக்கே இல்லாத பயம் நமக்கு எதற்கு?

திருச்சபைக்குள்ளேயே இருந்த 'எதிர்க்கட்சி'

நம் தாய்த் திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு எதிராக வாதாடுவதற்கென்றே உரோமையில் ஓர் அதிகாரி பல நூற்றாண்டுகளாக இருந்தார். மக்கள் அவரைச் 'சாத்தானின் வழக்கறிஞர்' என்றே அழைத்தார்கள். அந்தப் பொறுப்பில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய புரோஸ்பெரோ லாம்பெர்த்தினி என்பவர் 1740-இல் பதினான்காம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையானார். குணமடைந்ததாகச் சொல்லப்படுவதைப் புதுமை என்று ஏற்பதற்கு அவர் வகுத்த அளவுகோல்கள் இன்றும் வழிகாட்டுகின்றன. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகவே தீரும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது. குணம் திடீரென்றும் முழுமையாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களை லூர்து நகரில் காணலாம். 1858-இல் பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுச் சிறுமிக்கு அன்னை மரியா பதினெட்டு முறை காட்சி தந்த இடம் அது. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இயங்கி வருகிறது. எந்த மதத்தைச் சேர்ந்த மருத்துவரும், மத நம்பிக்கையே இல்லாத மருத்துவரும்கூட அங்கே ஆய்வில் பங்கேற்கலாம். இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் குணமடைந்ததாக அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றுள் புதுமை என்று திருச்சபை ஏற்றவை 2025-ஆம் ஆண்டு வரை எத்தனை தெரியுமா? எழுபத்திரண்டு மட்டுமே! எழுபதாவது புதுமை ஓர் அருள்சகோதரியைப் பற்றியது. அவர் 2008-இல் நலமடைந்தார். அறிவிப்பு வந்தது 2018-இல். பத்து ஆண்டுகள்! அங்குள்ள மருத்துவர்கள் 'புதுமை' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. இன்றைய மருத்துவ அறிவால் விளக்க இயலவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மற்றதைச் சொல்வது ஆயரின் பொறுப்பு.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் புனித சனுவாரியுசின் இரத்தம் என்று போற்றப்படும் கெட்டியான பொருள், ஆண்டில் மூன்று முறை திரவமாவதைக் காண மக்கள் கூடுகிறார்கள். 1391-க்கு முன்பே, அதாவது 1389-இலேயே இதுபற்றிய குறிப்பு இருக்கிறது. 1991-இல் இத்தாலிய அறிவியலாளர் மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். அசையாமல் இருக்கும்போது கெட்டியாகவும், அசைத்தால் திரவமாகவும் மாறும் ஒரு கூழை, இடைக்காலத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டே தங்களால் செய்ய முடிந்தது என்றார்கள். புட்டி திறந்து சோதிக்கப்படாததால் அதுவே முடிந்த முடிபு என்று சொல்ல முடியாது. ஆனால் இதை நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. நேப்பிள்ஸ் மக்களின் பக்தியும் அந்த ஆய்வால் குறைந்துவிடவில்லை.

நம் கொல்கத்தா அன்னை தெரசாவின் அருளாளர் பட்ட விசாரணையில், அன்னையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதிய நாத்திகர் கிறிஸ்டோபர் ஹிட்சன்சையும் அழைத்துத் திருச்சபை சாட்சியம் கேட்டது. 2003-இல் அன்னை அருளாளரானபோது, புதுமையாக ஏற்கப்பட்ட குணம் மருந்தால் கிடைத்தது என்று மேற்கு வங்க மருத்துவர்கள் சிலர் சொன்னதும் உண்டு. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால் அன்னையின் புனிதம் ஓர் அணுவளவும் குறைந்ததா? தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கியெடுத்த கைகளுக்கு விளக்கம் தேவையில்லையே!

2024-இல் வந்த புதிய நெறிமுறைகள்

இந்தப் பின்னணியில்தான் 2024 மே 17 அன்று விசுவாசக் கோட்பாட்டுத் திருப்பீடத்துறை, இயற்கைக்கு அப்பாற்பட்டவை என்று சொல்லப்படும் நிகழ்வுகளைத் தேர்ந்து தெளிவதற்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 1978-ஆம் ஆண்டின் பழைய நெறிமுறைகளுக்கு மாற்றாக வந்தவை இவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளிக்க, கர்தினால் விக்டர் மானுவேல் பெர்னாண்டஸ் கையெழுத்திட்டார். அவ்வாண்டு மே 19, தூய ஆவியார் பெருவிழாவன்று அவை நடைமுறைக்கு வந்தன.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒரு நிகழ்வு இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஆயரோ திருப்பீடத்துறையோ இனிமேல் பொதுவாக அறிவிக்கப் போவதில்லை. விதிவிலக்காகத் திருத்தந்தை மட்டுமே அதற்கு வழிவிடலாம். விசாரணையின் இறுதியில் ஆறு வகையான முடிவுகளில் ஒன்று எடுக்கப்படும். 'நிகில் ஓப்ஸ்தாத்', அதாவது 'தடையில்லை' என்பது அவற்றுள் மிக உயர்ந்தது. அந்த முடிவுகூட, நிகழ்வு மெய்யான புதுமை என்று முத்திரை குத்துவதில்லை. அங்கே தூய ஆவியாரின் கனிகள் தென்படுகின்றன, மக்கள் பக்தியோடு வரலாம் என்று மட்டுமே சொல்கிறது. இயற்கைக்கு அப்பாற்பட்டது அல்ல என்ற வெளிப்படையான மறுப்பு, கடைசி முடிவு.

இரண்டாவது, எதையெல்லாம் சந்தேகிக்க வேண்டும் என்று திருச்சபையே பட்டியல் தருகிறது. நிகழ்வைப் பற்றிய வெளிப்படையான தவறு, கோட்பாட்டுப் பிழை, பணம், அதிகாரம், புகழ் ஆகியவற்றைத் தேடுதல், ஒழுக்கக் கேடு, மனநலப் பாதிப்பு ஆகியவை அதில் இருக்கின்றன.

மூன்றாவது, மறைபொருளான அனுபவங்களைக் காட்டி மற்றவர்களை அடக்கி ஆள்வதும் தவறாகப் பயன்படுத்துவதும் மிகக் கடுமையான குற்றமாகக் கருதப்பட வேண்டும் என்கிறது அந்த ஏடு.

இது வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. உரோமைக்கு அருகே திரெவிஞ்ஞானோ ரொமானோ என்ற ஊரில், ஒரு மாதா சுரூபம் இரத்தக் கண்ணீர் வடிப்பதாகவும் உணவு பலுகுவதாகவும் சொல்லப்பட்டது. கூட்டம் கூடியது, காணிக்கை சேர்ந்தது. அம்மறைமாவட்ட ஆயர் குழு அமைத்து விசாரித்து, அவை இயற்கைக்கு அப்பாற்பட்டவை அல்ல என்று 2024 மார்ச் மாதம் ஆணை வெளியிட்டார். திருப்பீடத்துறையும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நம் வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பற்றித் தஞ்சை ஆயருக்கு அதே துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நோயாளிகளும் துயருற்றோரும், கிறிஸ்தவர் அல்லாதோரும்கூட அங்கே ஆறுதல் பெறுவதை அக்கடிதம் போற்றியது. ஓரிடத்தில் மறுப்பு, இன்னோரிடத்தில் பாராட்டு. இரண்டிலும் திருச்சபை பார்த்தது ஒன்றைத்தான்: இந்த மரம் என்ன கனி கொடுக்கிறது?

மருந்தை நிறுத்தச் சொல்லும் குரல்

இவ்வளவு கவனம் தேவையா, மக்கள் நம்பிவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்பதுண்டு. தேவைதான். ஏனெனில் விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் நோயாளிகளும்.

1986-இல் அமெரிக்காவில் பீட்டர் பாப்பாப் என்ற போதகர் குணமளிக்கும் கூட்டங்களை நடத்தி வந்தார். முன்பின் அறியாதவர்களின் பெயர், முகவரி, நோய் ஆகியவற்றை மேடையிலிருந்தே சொல்வார். மக்கள் கண்ணீரோடு ஆர்ப்பரிப்பார்கள். மாயவித்தைக் கலைஞரும் ஆய்வாளருமான ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவியோடு கூட்டத்துக்குள் அமர்ந்தார்கள். கூட்டத்துக்கு முன்பாக மக்கள் எழுதிக் கொடுத்த செப விண்ணப்பச் சீட்டுகளிலிருந்த விவரங்களை, போதகரின் மனைவியே அவருடைய காதுக்குள் இருந்த சிறு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்! 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்தது அந்த 'வெளிப்பாடு'. அந்தப் பதிவு தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டே அவரது நிறுவனம் திவாலானது. ஆனால் சில ஆண்டுகளில் அவர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார் என்பதும் உண்மை. ஏமாற்றுகிறவர் அம்பலமானாலும், ஏமாறக் காத்திருக்கும் வேதனை அப்படியே இருந்துவிடுகிறது!

நம் திருச்சபை 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் குணமளிக்கும் செபங்களைப் பற்றித் தந்த அறிவுரையில், அப்படிப்பட்ட கூட்டங்களில் வெறியுணர்ச்சியோ நாடகத்தனமோ பரபரப்போ இருக்கக் கூடாது என்று தெளிவாக எச்சரித்திருக்கிறது. நோயாளிக்காகச் செபிப்பது நம் கடமை. மருந்தை நிறுத்தச் சொல்வது பாவம்.

தமிழ் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான ஆபிரகாம் கோவூர் (1898-1978), கேரளத்தில் ஒரு கிறிஸ்தவ குருவின் மகனாகப் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்தவர். தெய்வீக ஆற்றல் இருப்பதாகச் சொல்பவர்கள் அதைச் சோதனையில் காட்டினால் ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அறைகூவல் விடுத்தார். அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. கடவுளைப் பற்றிய அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏமாற்றுக்காரர்களிடமிருந்து அவர் காப்பாற்றிய ஏழைகளை நினைக்கும்போது நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பகுத்தறிவாளர்களுக்கும் ஒரு வார்த்தை

அதே நேரத்தில், ஆய்வு செய்கிற நண்பர்களிடமும் அன்போடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள், நல்லது. அந்த நீரைத் தேடி மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை விசாரித்தீர்களா? மருத்துவமனை கைவிட்டவர், கடனில் மூழ்கியவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாகம் இருக்கிறது. குழாயை அடைத்தால் நீர் நிற்கும், தாகம் நிற்காது.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. இதுவரை விளக்கப்படாதது வேறு. என்றுமே விளக்க முடியாதது வேறு. விளக்கம் தெரியாத இடங்களில் மட்டுமே கடவுள் இருக்கிறார் என்று நினைத்தால், அறிவியலின் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் கடவுள் ஓர் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நம் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர். நுண்புழையேற்றத்தைப் படைத்தவரும் அவரே. அதைப் புரிந்துகொள்ளும் அறிவைத் தந்தவரும் அவரே. நம் விசுவாசம் சொட்டும் நீரின் மேல் கட்டப்பட்டதல்ல. சிலுவையில் இறந்து உயிர்த்த ஆண்டவர் மேல் கட்டப்பட்டது. தனி வெளிப்பாடுகள் எவையும் அந்த விசுவாசத்தோடு எதையும் கூட்டுவதில்லை என்பதே திருச்சபையின் போதனை.

அந்தச் சனிக்கிழமை

இப்போது என் கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் உபதேசியாரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்பது ஐம்பது செருப்புகள். உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. படத்தின் கண்ணாடி மேல் எண்ணெய் வழிந்தது உண்மைதான். கீழே ஒரு கிண்ணம். அருகில் ஒரு தட்டு. அதில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகள். தட்டை வைத்தவர் அந்தத் தாய் அல்ல, ஓர் உறவினர்.

உபதேசியார் எதுவும் பேசாமல் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினார். படத்துக்கு நேர் மேலே, ஊரிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய் டின் ஒன்று இருந்தது. அடிப்பாகம் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை. எண்ணெய் பரண் பலகையில் கசிந்து, சுவர் வழியே இறங்கி, படம் மாட்டிய ஆணியில் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவு மட்டும் அல்ல. அந்தத் தாயின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மாதாவே எண்ணெய் தந்துவிட்டார் என்று நம்பி, அதைத் தேய்த்து, ஒரு கரண்டி குடிக்கவும் கொடுத்து, வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போகாமல் விட்டிருக்கிறார்கள். நான் போனபோது அவர் உள்ளறையில் மூச்சுத் திணறிக் கிடந்தார். அங்கிருந்தே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஆண்டவர் கிருபையாலும் மருத்துவர்களின் முயற்சியாலும் பிழைத்துக்கொண்டார். நான் வியாழன் இரவே போயிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை தவறியிருக்காது. யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று நான் காத்த மௌனம் ஓர் உயிரைக் கேட்கப் பார்த்தது.

மருத்துவமனை வராண்டாவில் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "அப்படின்னா மாதா எங்களைப் பார்க்கலையா சாமி?"

குருமடத்தில் இறையியல் படித்தவன் நான். அன்று என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர்; வாரம் இருமுறை தாமே அழைத்துப் போவதாகச் சொன்னார். மருந்துச் செலவில் ஒரு பகுதியைச் சபை ஏற்றது. அவர்களுடைய அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சமைத்து அனுப்பினார்கள். அந்த மனிதர் இன்னும் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்து, மகளின் திருமணத்தைப் பார்த்துவிட்டு, அவஸ்தைப்பூசுதல் பெற்று நிம்மதியாகக் கண்மூடினார். அடக்கத்துக்குப் பிறகு அந்தத் தாய் என்னிடம் வந்து, "மாதா பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க சாமி" என்றார். அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னது நான் அல்ல. அந்த ஆட்டோக்காரரும் அந்தப் பெண்களும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பு இறைமக்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒன்று நிகழ்ந்தால் நினைவில் கொள்ளுங்கள்:

1. உடனே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அவர் தயங்கினால் விடாமல் அழைத்து வாருங்கள்! அதற்கு முன்பாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

2. பரணையும் குழாயையும் சுவரையும் முதலில் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல; தானியேலின் விசுவாசம்.

3. தட்டோ உண்டியலோ வைக்க விடாதீர்கள். பணம் நுழைந்த பிறகு உண்மை நுழைவது கடினம்.

4. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். யார் நிறுத்தச் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும் கேட்காதீர்கள்.

5. அந்த வீட்டில் அழுதுகொண்டிருப்பது யார் என்று பாருங்கள். சுரூபத்தின் கண்ணீர் உண்மையா என்று விசாரிக்க நாளாகலாம். பக்கத்து வீட்டாரின் கண்ணீர் உண்மை என்பதற்கு விசாரணை தேவையில்லை.

உண்மையே உருவான ஆண்டவர், எதையும் சோதித்தறியும் தெளிவையும், துன்புறுவோரைத் தேடிச் செல்லும் கால்களையும் நமக்குத் தருவாராக. ஆரோக்கிய அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.